ஐந்து மணிக்கு இருட்டும் ஊர்

உயிரோடு இருந்த ஒரு பெண்ணை, அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று பல நாடுகளில் இருந்த தமிழர்களை நம்பவைத்தேன். என் பெயரைப் போடாமல், பன்னிரண்டு வரியில் அதைச் செய்தேன். பன்னிரண்டு வரியும் பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. என்னை அண்ணன் என்று கூப்பிட்டவர்.

இப்போது எனக்கு வயது எழுபத்து நான்கு. போர்ட் பிளேரில் லம்பா லைனில் இருக்கிறேன். விமானம் இறங்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும் வீடு. செய்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது வெட்கம் அல்ல, சந்தோஷம்தான். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. ஆகவே சந்தோஷத்தையும் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் வந்த புதிது. மாடியில் ஒரு டிஷ் வைத்தார்கள். இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் பாதிப் படம் வருவதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆனால் கடிதம் போகும். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை இணைப்பு கிடைக்கும். சேர்ந்திருந்த கடிதங்கள் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே போகும், உள்ளே வரும். வாரப் பத்திரிகை கப்பலில் வந்து சேரும்போது அதில் எழுதிய செய்தி பழசாகியிருக்கும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், காலையில் கேட்ட கேள்விக்கு மறுநாள் கனடாவிலிருந்து பதில் வந்தால் எப்படி இருக்கும்? மோடம் கீச்சிடும் சத்தம் கேட்டதும் ஃபைலை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் யாராவது அலுவலக வராந்தாவில் ஓடுவார்களா? நான் ஓடினேன்.

தமிழர்களுக்கென்று ஒரு விவாதக் குழு இருந்தது. ஒரு முகவரிக்குக் கடிதம் அனுப்பினால் அது உறுப்பினர் எல்லோருடைய பெட்டிக்கும் போய்விடும். தமிழ் எழுத்து அப்போது கணினிக்குக் கணினி மாறும். அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். அதைப் படிக்கக் கண்ணுக்கு ஒரு வாரம் பழக்கம் வேண்டும். அதன்பிறகு அதுவே தமிழாகத் தெரிய ஆரம்பித்துவிடும். எதைப் பற்றியும் சண்டை நடக்கும். மீன் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றலாமா என்று ஒரு மாதம் அடித்துக்கொண்டார்கள்.

நான் தமிழில் எம்.ஏ. படித்தவன். பழைய பாடல்களைப் பற்றி நீளநீளமாகக் கட்டுரை எழுதி அனுப்புவேன். மீன் குழம்புக்கு அறுபது பதில் வந்த வாரத்தில் என் கட்டுரைக்கு ஒரு பதில் வரும். "நன்றி ஐயா."

அரசு ஊழியர்கள் பொது இடத்தில் எழுதுவதற்குப் பயப்படுவார்கள். அப்படிப் பயந்த ஒருவர் குழுவில் யோசனை கேட்டபோது, வெளிநாட்டில் இருந்த உறுப்பினர் ஒருவர் ஒரு வழி சொன்னார். எங்கோ ஒரு கணினி இருக்கிறது. அதன் முகவரிக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். முதல் வரியில் எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். அந்தக் கணினி நம் பெயரையும் முகவரியையும் உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் குழுவில் சேர்த்துவிடும். கேட்வே என்று அதற்குப் பெயர். உடனே அனுப்பாது. யார் எப்போது அனுப்பினார் என்று நேரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சில மணி நேரம் வைத்திருந்து மற்ற கடிதங்களோடு கலந்துதான் விடும்.

நான் அதை முதன்முதலில் எதற்குப் பயன்படுத்தினேன் தெரியுமா? என் கட்டுரையை நானே பாராட்டுவதற்கு. "ஐயாவின் ஆழமான கட்டுரையை யாரும் கவனிக்காதது வருத்தம் தருகிறது" என்று பெயரில்லாமல் எழுதி அனுப்பினேன். அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. மறுநாள் காலை இணைப்பு வந்ததும் என் பெட்டியிலேயே வந்து விழுந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. நான் எழுதியதை வேறு ஒருவன் எழுதியதுபோலப் படித்தேன். ஒரு கணம் மெய்யாகவே பெருமையாக இருந்தது. யாரோ ஒரு நல்ல ரசிகன் என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் பாராட்டுக்கும் பதில் வரவில்லை. அடுத்ததாக, மீன் குழம்புக்காரர் ஒருவரைப் பெயரில்லாமல் கிண்டல் செய்து எழுதினேன். முப்பது பதில். யார் இந்த ஆள் என்று கேட்டு ஆறு பேர். அந்த வாரம் நான் நடந்ததாகவே நினைவில்லை, மிதந்தேன். பகலில் மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதும் தலைமை எழுத்தர். உள்ளே, கண்டம் தாண்டி ஆட்களைக் கோபப்பட வைக்கும் ஒரு முகமில்லாத மனிதன். வீட்டுக்குப் போனால் மனைவி, "என்ன, பிரமோஷனா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

நான் மூன்று வருடம் வட அந்தமானில், திக்லிபூரில் வேலை பார்த்தேன். பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியில் குடியிருந்தோம். கடைக்காரர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். அவர் மனைவிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுவிட்டது, ஆனால் கையில் கிடைத்த தாளையெல்லாம் படிப்பார். துணி சுற்றி வந்த பழைய செய்தித்தாளைக்கூட மடித்து வைத்துக்கொண்டு படிப்பார். நான் போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்தபிறகு எங்களுக்குக் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதங்கள் அவ்வளவு நன்றாக இருக்கும். ஒன்றை விளையாட்டாகக் குழுவில் போட்டேன்.

அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான். வங்காளப் பெண்கள் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து வாங்குவார்கள், நம்மவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து வாங்குவார்கள், தெலுங்குப் பெண்கள் கசக்கிப் பார்ப்பார்கள்; மூன்று பேரும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரே சேலை கன்னத்துக்கும் வெளிச்சத்துக்கும் கசங்கலுக்கும் நடுவே என்ன பாடுபடும் என்று ஒரு பக்கம். குழு அதிர்ந்துவிட்டது. இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று எல்லா ஊரிலிருந்தும் கேட்டார்கள்.

அப்படி ஓர் ஏற்பாடு உண்டானது. அவர் எழுதி ஒட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுப்பார். தீவில் மருந்து, மீன், கண்ணாடி வளையல் எல்லாம் அப்படித்தான் போகும் வரும். பஸ் நிலையத்தில் நான் நின்று வாங்குவேன். வங்காளி கண்டக்டர் கடிதத்தை ஜன்னல் வழியாகவே நீட்டுவார். "சாப், ஆப்கா சிட்டி." மறுநாள் ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவேன், அடியில் தட்டச்சு செய்தவன் என்று என் பெயர் இருக்கும். வரும் பதில்களைப் பிரிண்ட் எடுத்து, தமிழில் எழுதி, அதே பஸ்ஸில் அனுப்புவேன். அவர் கணினியைப் பார்த்ததே இல்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. முதல் பத்துக் கடிதம் வரை பிடித்திருந்தது.

முப்பதாவது கடிதம் போனபிறகு, தமிழ்நாட்டில் சிறிய பதிப்பகம் நடத்திய ஓர் உறுப்பினர் எழுதினார். இந்தக் கடிதங்களைப் புத்தகமாகப் போட விரும்புகிறேன், அம்மாவின் புகைப்படம் ஒன்று வேண்டும். கடைசியில் ஒரு வரி: தட்டச்சு செய்பவருக்கும் முன்னுரையில் நன்றி சொல்லிவிடலாம்.

நான் திக்லிபூருக்குத் தகவல் அனுப்பினேன். அடுத்த பஸ்ஸில் புகைப்படம் வந்துவிட்டது. ஸ்டுடியோவில் எடுத்தது, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நிற்கிறார். கூடவே கணவரின் குறிப்பு, புத்தகம் அவருக்குக் கிதாப்: பஜார் முழுக்கச் சொல்லியாகிவிட்டது சார், கிதாப் எப்போது வரும்?

தட்டச்சு செய்பவர். அந்த இரண்டு சொல்லையும் நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. எம்.ஏ. படித்தவன், இருபது கட்டுரை எழுதியவன், தட்டச்சு செய்பவர்.

அந்தப் பெண்ணின் முப்பதாவது கடிதத்தில் ஒரு பத்தி இருந்தது. "டிசம்பரில் ஐந்து மணிக்கு இங்கே இருட்டிவிடும். கறுப்புக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் நாலரைக்கு மேல் கறுப்புத் துணி விற்பதில்லை என்று எங்கள் கடையில் ஒரு சட்டம்." தீவில் இருப்பவர்களுக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் வெகுதூரம் கிழக்கே இருக்கிறோம், கடிகாரம் மட்டும் மெயின்லேண்ட் கடிகாரம். சூரியன் எங்களுக்கு முன்னாலேயே வந்து முன்னாலேயே போய்விடும். ஆனால் தமிழ்நாட்டில் இருப்பவருக்கு ஐந்து மணி என்றால் நல்ல வெயில்.

கேட்வேக்கு எழுதினேன். இந்தியா முழுவதும் ஒரே நேரம்தானே, ஐந்து மணிக்கு இருட்டும் ஊர் இந்தியாவில் எங்கே இருக்கிறது? எழுதுபவர் தீவைக் கண்ணால் பார்த்தவரே அல்ல. ஏதோ ஒரு நகரத்தில் உட்கார்ந்துகொண்டு ஓர் ஆண், பெண் பெயரில் கதைவிடுகிறார். பாவம், தட்டச்சு செய்யும் பெரியவரையும் ஏமாற்றிவிட்டார். இப்படிப் பன்னிரண்டு வரி.

அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகாமல் வராந்தாவில் மேலும் கீழும் நடந்தேன். பயத்தால் அல்ல. திருவிழாவில் ராட்டினம் மேலே போய் நிற்கும்போது கீழே இருப்பவர்களைப் பார்ப்போமே, அந்தச் சந்தோஷம். மறுநாள் வந்து விழுந்தது. அதற்கடுத்த நாள் நாற்பது கடிதம். வளைகுடாவில் இருந்த ஒருவர் மட்டும், தேசப்படத்தைப் பாருங்கள், அந்தமான் எவ்வளவு கிழக்கே இருக்கிறது, அங்கே முன்னதாக இருட்டலாம் என்று எழுதினார். அவருக்கு இன்னொருவர் பதில் போட்டார். "இருட்டலாம் கதையெல்லாம் எதற்கு? தீவிலேயே இருக்கிற ஐயா சொல்லட்டும், முடிந்தது."

எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். முதல்முறையாக அந்தக் குழு முழுவதும் என் ஒரு வரிக்காகக் காத்திருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் அடித்தால் போதும். மாலை நாலே முக்கால் மணி, என் தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, வெளியே தென்னை மரங்கள் கறுத்துவிட்டன. என் சொந்தப் பெயரில் இப்படி அடித்தேன்: "மேகம் இருந்தால் சீக்கிரம் இருட்டுவதுண்டு. மற்றபடி கருத்துச் சொல்ல விரும்பவில்லை. கடிதங்கள் எனக்கு பஸ்ஸில் வருகின்றன. எழுதுபவர் யார் என்று என்னால் உறுதி கூற இயலாது."

மூன்று வருடம் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தவன் எழுதியது அது. பெயரில்லாத பன்னிரண்டு வரியைவிட, பெயரோடு எழுதிய இந்த நான்கு வரிதான் அவரை இல்லாமல் ஆக்கியது.

பதிப்பக நண்பர், உண்மை அனுபவம் என்று போடவிருந்தோம், இனி முடியாது என்று எழுதி விலகிவிட்டார். திக்லிபூரிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. நான் அடிக்கவில்லை. ஒரு பெரிய உறையில் போட்டு வைத்தேன். பதில் ஏன் வரவில்லை என்று கேட்டு அனுப்பினார். டிஷ் கெட்டுவிட்டது என்று எழுதினேன். தீவில் இதைவிட எளிதாக நம்பக்கூடிய பொய் கிடையாது. பதினோரு கடிதங்களுக்குப் பிறகு நின்றுவிட்டது.

பல வருடங்கள் போய்விட்டன. ஓய்வு பெற்றேன், மனைவி காலமானாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் போர்ட் பிளேரில் ஒரு நிக்காஹ் விருந்து. எதிர்வரிசையில் அந்தக் கடைக்காரர். தாடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் பிரியாணித் தட்டோடு எழுந்து வந்தார்.

"க்யா சார், டிஷ் டீக் ஹோ கயா? இன்னுமா ரிப்பேரு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சும்மா வேடிக்கைக்குத்தான் கேட்டார். நான் பிரியாணியை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

மறுநாளே குழுவுக்கு எழுதினேன். குழு இன்னும் இருந்தது, பேச்சு குறைந்து ஏழெட்டுப் பேரோடு. நடந்த அனைத்தையும் என் பெயரில் எழுதினேன். பெயரில்லாத கடிதம் என்னுடையது, அந்தப் பெண் உண்மை, ஐந்து மணி இருட்டு உண்மை. அனுப்பிவிட்டுப் பழைய நாள்போலவே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

மூன்று பதில் வந்தது. ஒன்று: "ஐயா, நாங்கள் அப்போதே ஊகித்தோம், அந்த அம்மாவும் நீங்கள்தான் என்று." இன்னொன்று: "பழைய விளையாட்டை மறுபடி ஆரம்பிக்கிறீர்களா?" மூன்றாவது பதிப்பக நண்பருடையது. "யார் பெயரில் எழுதினால் என்ன, அருமையான எழுத்து. உங்கள் பெயரிலேயே புத்தகமாகப் போடலாம். சம்மதமா?"

இத்தனை காலம் ஏங்கிய பாராட்டு. அந்தப் பெண்ணின் எழுத்துக்கு, எனக்கு. இல்லை என்று இரண்டு முறை எழுதினேன். தன்னடக்கம் என்றார்.

உறையை எடுத்துக்கொண்டு திக்லிபூர் பஸ் ஏறினேன்.

கடை அப்படியே இருந்தது. கணவர்தான் முதலில் பார்த்தார். "ஆயியே, ஆயியே. ஏய், இங்க வா, டிஷ்வாலா வந்துருக்காரு."

மனைவி உள்ளேயிருந்து வந்தார். "வாங்கண்ணே. பஸ்ஸுலயா வந்தீக? இந்த வயசுல இந்த ரோட்டுலயா? போட்டுல வந்திருக்கலாம்ல."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தேநீர் வந்துவிடும், தேநீர் வந்தால் சொல்ல மாட்டேன். "தங்கச்சி, டிஷ் கெட்டுப் போகவே இல்ல," என்றேன். நின்றபடியே முழுவதும் சொன்னேன்.

அந்த அம்மா கேட்டார். "என்னைய ஆம்பளைன்னா எழுதுனீக?"

"ஆமா."

"அவுக நம்புனாகளா?"

"நம்பினாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவருக்கும். "அரே, இத்தனை வருஷம் ஒரு ஆம்பளையோட குடித்தனம் பண்ணிருக்கேன், மாலும் ஹீ நஹீ, தெரியவே இல்ல," என்றார் கணவர். பிறகு என்னைப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது. "பஜார்ல இன்னைக்கும் எனக்குப் பேரு கிதாப் பாய்தான் சார். கிதாப் எப்ப வரும், கிதாப் எப்ப வரும்னு கேட்டவன்ல பாதிப் பேரு மவுத்தாயிட்டான்."

அந்த அம்மா உறையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "கனடாவுல ஒரு அம்மா மகளுக்குக் கலியாணம்னு எழுதியிருந்தாக. துவா செய்றேன்னு ரெண்டு பக்கம் எழுதுனேன். அதும் இதுலதான் கெடக்கா?"

"இதுலதான் இருக்கு."

"அவுக என்னைய என்னன்னு நெனைச்சிருப்பாக," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. அதன்பிறகு சிரிக்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவர் உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். "மத்தது எங்க? அந்த முப்பது?"

"டைப் பண்ணதும் கிழிச்சுப் போட்டுட்டேன். இங்கிலீஷ் எழுத்துல அடிச்ச காகிதம் மட்டும் இருக்கு."

"அத நான் படிக்க முடியாது. தமிழ்ல எழுதி அனுப்புங்க. கையால." உறையை மடித்தார். "சாருக்கு எழுத்து நல்லாருக்கும்."

சார் என்றார். அதற்கு முன் ஒருநாளும் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

லம்பா லைனுக்குத் திரும்பி வந்து எழுத ஆரம்பித்தேன். மாதம் ஒரு கடிதம். கண் சரியில்லை, விரல் மரத்துப் போகிறது, ஆனால் அந்தப் பழைய பரபரப்பு திரும்பி வந்துவிட்டது. அவர் எழுதியதை என் கையால் தமிழில் எழுதும்போதுதான் அது எவ்வளவு நல்ல எழுத்து என்று தெரிகிறது. அடிக்கும்போது தெரியவில்லை, அல்லது தெரிந்துதான் அப்படிச் செய்தேன். இப்போது வேறு கண்டக்டர், பேசமாட்டார், உறையை நீட்டிவிட்டுப் போய்விடுவார். நான் அனுப்பும் ஒவ்வொன்றும் சிவப்பு மையில் திருத்தப்பட்டுத் திரும்பி வருகிறது. சில வரிகள் முழுவதுமாகக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும், பக்கத்தில்: இது நான் எழுதவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தக் காலத்தில் அடிக்கும்போதே அங்கங்கே மெருகேற்றி நான் வைத்த வரிகள் அவை. எது என்னுடையது, எது அவருடையது என்று எனக்கே மறந்துவிட்டது. அவருக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினேழாவது கடிதத்தில் நான் மிகவும் ரசித்து வைத்திருந்த ஓர் உவமை, அதுவும் என்னுடையதுதானாம். அடித்துவிட்டார். அந்தக் கோட்டைப் பார்த்து எனக்கு வந்தது வெட்கமா, சந்தோஷமா என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவர் இல்லை என்று நான் சொன்னேன். அவர் இருக்கிறார், என் வரிகளை ஒவ்வொன்றாக வெளியேற்றிக்கொண்டிருக்கிறார்.

பதிப்பக நண்பருக்குத் தானே கடிதம் எழுதப் போவதாக அந்த அம்மா தன் மகன் மூலம் சொல்லியனுப்பினார். எழுதினாரா, நண்பர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. மன்னித்துவிட்டதாக எந்த உறையிலும் எழுதி வரவில்லை. நேற்று பத்தொன்பதாவது வந்தது. நான்கு வரி போயிருக்கிறது. அடியில், "சார், இருபதைச் சீக்கிரம் அனுப்பவும்" என்று இருந்தது. இன்று காலையே உட்கார்ந்துவிட்டேன்.